தப்பைச் சொன்ன போலீஸுக்கே தண்டனையா? சொந்த துறை மீதே வழக்கு போடும் அமெரிக்க காவலர்கள்... முழு விளக்கம்!

திருடனைப் பிடித்துக் கொடுத்தால் போலீஸுக்கு மெடல் கிடைக்கும். ஆனால் தப்பு செய்தவர், ரோந்து காரில் பக்கத்து சீட்டில் உட்காரும் சக காவலர் என்றால்? அல்லது தினமும் சல்யூட் அடிக்கும் மேலதிகாரியே என்றால்?

அமெரிக்காவில் அப்படி வாயைத் திறந்த காவலர்களுக்கு நடந்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒருவரை மனநல வார்டில் 6 நாள் அடைத்து வைத்தார்கள். இன்னொருவரின் கார் கண்ணாடியில் செத்த எலி கிடந்தது. வேறொருவருக்கு, ஓய்வூதியத் தகுதிக்கு ஒரே ஒரு வருடம் பாக்கி இருந்தபோது வேலை போனது.

இவர்கள் எல்லோரும் தங்கள் துறையை எதிர்த்து கோர்ட் படி ஏறினார்கள். அங்கே அவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. "நீங்க சொன்னது உண்மையா?" என்பது அங்கே முதல் கேள்வியாக வருவதில்லை. "யார்கிட்ட சொன்னீங்க? எந்த ஹோதாவில் சொன்னீங்க?" என்பதுதான் முதலில் வருகிறது. பல வழக்குகள் அந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடுகின்றன.

இந்த வழக்குகள் எப்படி நடக்கின்றன, யார் ஜெயிக்கிறார்கள், ஜெயித்தவருக்கு என்ன கிடைக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'விசில் ப்ளோயர்'?

வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்பவரைத்தான் விசில் ப்ளோயர் என்கிறார்கள். அது கம்பெனியாக இருக்கலாம், அரசு அலுவலகமாக இருக்கலாம், போலீஸ் துறையாகவும் இருக்கலாம்.

போலீஸ் துறையில் இது கூடுதல் ஆபத்து. காரணம், காவலரின் உயிர் சக காவலர் கையில் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டை நடக்கும் இடத்தில் நின்று, 'உதவிக்கு ஆள் வேணும்' என்று ரேடியோவில் கூப்பிட்டால் யாராவது வந்தாக வேண்டும். 'இவன் காட்டிக்கொடுக்கிறவன்' என்று பெயர் வாங்கியவருக்கு அந்த நம்பிக்கை போய்விடும்.

ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் இருக்கும் இந்த எழுதப்படாத விதிக்கு அமெரிக்காவில் 'நீலச் சுவர்' என்று பெயர். காவலர் சீருடையின் நிறத்தை வைத்து வந்த பெயர் இது.

சினிமாவாகவே வந்த கதை

இந்த விஷயத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஃப்ராங்க் செர்பிகோ. நியூயார்க் காவலர். சக காவலர்கள் சூதாட்ட கும்பல்களிடம் மாமூல் வாங்குவதை 1960-களின் பின்பாதியில் மேலதிகாரிகளிடம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பத்திரிகைக்குப் போனார். 1970 ஏப்ரலில் 'நியூயார்க் டைம்ஸ்' அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. அதன்பிறகுதான் நகர மேயர் 'நாப் கமிஷன்' என்ற விசாரணை ஆணையத்தை அமைத்தார்.

1971 பிப்ரவரி 3. போதைப்பொருள் ரெய்டுக்குப் போன இடத்தில் செர்பிகோ முகத்தில் சுடப்பட்டார். உடன் வந்த காவலர்கள் தனக்கு உதவி கேட்டு ரேடியோவில் தகவல் சொல்லவில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. உயிர் பிழைத்தார், ஆணையத்தில் சாட்சி சொன்னார், அடுத்த வருடமே ஓய்வு பெற்றார். 1973-ல் அல் பசினோ நடிப்பில் படமாகவும் வந்தது.

செர்பிகோ காலத்தில் பத்திரிகையும் விசாரணை ஆணையமும்தான் துணை. அதற்கு அப்புறம் வந்த காவலர்கள் கையில் எடுத்த ஆயுதம், வழக்கு. அதில் அதிகம் பேசப்பட்ட ஒன்றைப் பார்ப்போம்.

81-வது ஸ்டேஷன் டேப்: என்ன நடந்தது?

ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட். 2002-ல் நியூயார்க் போலீஸில் சேர்ந்தவர். புரூக்ளின் பகுதியில் உள்ள 81-வது ஸ்டேஷனில் வேலை. அங்கே இரண்டு விஷயம் அவரை உறுத்தியது.

ஒன்று, கணக்கு. மாதத்துக்கு இத்தனை சம்மன் கொடுக்கணும், தெருவில் இத்தனை பேரை நிறுத்திச் சோதனை போடணும் என்று நெருக்கடி. இரண்டு, அதற்கு நேர் எதிரான கணக்கு. மக்கள் கொடுக்கும் புகாரைப் பதிவே செய்யாமல் விடுவது, அல்லது பெரிய குற்றத்தைச் சின்ன குற்றமாக எழுதுவது. அப்போதுதானே 'எங்க ஏரியாவில் குற்றம் குறைஞ்சிருக்கு' என்று காட்ட முடியும்?

2008, 2009-ல் ஸ்டேஷனில் நடந்த கூட்டங்களை ஸ்கூல்கிராஃப்ட் ரகசியமாகப் பதிவு செய்தார். இதற்கிடையே அவருக்கு மோசமான பணி மதிப்பீடு வந்தது. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு டெஸ்க் வேலைக்கு மாற்றினார்கள். 2009 அக்டோபரில் துறையின் விசாரணையாளர்களிடம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அதே மாதம் 31-ம் தேதி. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட் முடிய சுமார் ஒரு மணி நேரம் இருக்கும்போது வீட்டுக்குக் கிளம்பினார். அன்றிரவு உயரதிகாரிகளும் சிறப்புப் படையினரும் அவரது வீட்டுக்குள் நுழைந்தார்கள். வர மறுத்தவருக்கு விலங்கு மாட்டினார்கள். 'மனநிலை சரியில்லாதவர்' என்ற கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 6 நாள் மனநல வார்டு.

வீட்டில் கிடைத்த ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு ரெக்கார்டர் அவர்கள் கண்ணில் படவில்லை. மொத்த சம்பவமும் அதில் பதிவாகிவிட்டது!

2010-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை இந்த டேப்புகளைத் தொடராக வெளியிட்டது. துறையே நடத்திய உள்விசாரணையிலும், குற்றங்கள் குறைத்துக் காட்டப்பட்டது பற்றி அவர் சொன்னது பெருமளவு சரிதான் என்று தெரியவந்தது. ஆனால் 2010-ல் தயாரான அந்த அறிக்கை 2012-ல்தான், அதுவும் பத்திரிகை மூலமாகத்தான் வெளியே வந்தது. அவர் சொன்னது சரி என்ற காகிதம் துறையின் கையில் இருந்தது. ஊருக்குத் தெரிந்ததோ மனநல வார்டு கதை!

2010-ல் போட்ட வழக்கு 2015 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. நியூயார்க் நகரம் 6 லட்சம் டாலரும், நிலுவைச் சம்பளமும் தர ஒப்புக்கொண்டது. ஆஸ்பத்திரியுடன் இருந்த வழக்கு தனியாக முடிந்தது. அவரது டேப்புகள், தெருச் சோதனை முறைக்கு எதிரான இன்னொரு பெரிய வழக்கிலும் சாட்சியமாக ஒலித்தன. அந்த வழக்கில்தான் நியூயார்க் போலீஸின் தெருச் சோதனை நடைமுறை அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2013 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது.

பழிவாங்கல் எப்படியெல்லாம் வரும்?

பல நேரம் நேரடியாக டிஸ்மிஸ் செய்வதில்லை. அப்படிச் செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அதிகாரிகளுக்கும் தெரியும். அதனால் சின்னச் சின்னதாக வரும்.

* பிடிக்காத இடத்துக்கு டிரான்ஸ்பர், நைட் ஷிஃப்ட்
* மோசமான பணி மதிப்பீடு, ப்ரமோஷன் மறுப்பு
* சின்ன தப்புக்கெல்லாம் மெமோ, துறை ரீதியான விசாரணை
* துப்பாக்கியையும் பேட்ஜையும் வாங்கிக்கொண்டு மனநலப் பரிசோதனைக்கு அனுப்புவது
* சக காவலர்கள் பேசாமல் ஒதுக்குவது, களத்தில் உதவிக்கு வராமல் இருப்பது

பால்டிமோர் துப்பறிவாளர் ஜோ கிறிஸ்டல் சந்தித்தது இதில் கடைசி வகை. கைதான ஒருவரை சக காவலர்கள் அடித்ததை 2011-ல் அரசு வழக்கறிஞரிடம் சொன்னார். அடுத்த வருடம் அவரது கார் கண்ணாடியில் செத்த எலி. அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலி என்றால் 'காட்டிக்கொடுப்பவன்'. அவர் சாட்சி சொன்ன வழக்கில் இரண்டு போலீஸார் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆனால் கிறிஸ்டல் 2014-ல் வேலையை விட்டார். துறை மீது வழக்கு போட்டார். 2016-ல் சமரசம். கிடைத்தது 42 ஆயிரம் டாலர்.

எந்தச் சட்டத்தில் வழக்கு போடுகிறார்கள்?

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர்களுக்கென்று 1989-ல் வந்த விசில் ப்ளோயர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலான போலீஸார் நகரத்துக்கோ மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ வேலை பார்ப்பவர்கள். அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. எனவே அவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழி.

வழி 1: அரசியலமைப்பு. முதல் சட்டத்திருத்தம் தரும் பேச்சுரிமையை அரசு பறித்தது என்று மத்திய நீதிமன்றத்தில் வழக்கு போடுவது. இதற்குக் கை கொடுப்பது 1871-ல் வந்த சிவில் உரிமைகள் சட்டம். சட்ட வட்டாரத்தில் 'பிரிவு 1983' என்பார்கள். 1983 என்பது வருடம் இல்லை, பிரிவின் எண்.

வழி 2: மாநிலச் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வகை விசில் ப்ளோயர் சட்டம் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

முதல் வழியில்தான் அந்தப் பெரிய சிக்கல் இருக்கிறது.

2006 தீர்ப்பு: எல்லாவற்றையும் மாற்றிய ஒரு கேள்வி

அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொல்லிவிட்டது. பள்ளி நிதியை நிர்வாகம் கையாண்ட விதத்தை விமர்சித்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பிக்கரிங் என்ற ஆசிரியரின் வழக்கு அது. பொதுமக்களுக்கு முக்கியமான விஷயத்தை ஒரு குடிமகனாகப் பேசினால் பாதுகாப்பு உண்டு என்றது கோர்ட்.

2006-ல் வந்தது கார்செட்டி எதிர் செபாயோஸ் வழக்கு. ரிச்சர்ட் செபாயோஸ், லாஸ் ஏஞ்சலிஸில் அரசு வழக்கறிஞர். சோதனை வாரன்ட் வாங்க போலீஸ் தரப்பில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் பொய்த் தகவல் இருப்பதாக அவருக்குத் தெரிந்தது. முறைப்படி தன் மேலதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதினார். அதன்பிறகு தன்னை இடம் மாற்றினார்கள், ப்ரமோஷன் தரவில்லை என்று வழக்கு போட்டார்.

உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. காரணம்? அந்தக் குறிப்பை எழுதுவது அவருடைய வேலை. வேலையின் பகுதியாக ஒருவர் பேசும்போது அவர் குடிமகனாகப் பேசவில்லை, ஊழியராகப் பேசுகிறார். அந்தப் பேச்சுக்கு முதல் சட்டத்திருத்தத்தின் பாதுகாப்பு கிடையாது!

இது போலீஸாருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? குற்றத்தைப் பார்த்தால் ரிப்போர்ட் எழுதுவதுதான் போலீஸ் வேலையே. சக காவலர் செய்த குற்றத்தைப் பார்த்து மேலதிகாரிக்கு எழுதினாலும், 'அது உங்க வேலைதானே' என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிடலாம். விதிப்படி நடந்தவருக்குப் பாதுகாப்பு குறைவு, விதியைத் தாண்டி பத்திரிகைக்குப் போனவருக்கு அதிகம் என்ற தலைகீழ் நிலைமை வந்துவிட்டது.

ஒரே மாதிரி புகார்... வேறு வேறு முடிவு

2006-க்குப் பிறகு கீழ் நீதிமன்றங்களில் நடந்தது, இந்தக் கோடு எங்கே விழுகிறது என்ற போராட்டம்தான். மூன்று போலீஸ் வழக்குகளைப் பார்த்தால் புரியும்.

மிடில்டவுன், 2011 தீர்ப்பு: நியூயார்க் மாநிலத்தில் உள்ள சிறு நகரம். விலங்கு மாட்டிய நபரை சார்ஜென்ட் அடித்ததாக, புரொபேஷனில் இருந்த ஒரு காவலர் உண்மையை எழுதிக் கொடுத்தார். அதை மாற்றிப் பொய்யாக எழுதித் தரச் சொன்னார்கள். மறுத்தார், வேலை போனது. பொய் ரிப்போர்ட் எழுத மறுப்பது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமை, அதற்குப் பாதுகாப்பு உண்டு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பர்பேங்க், 2013 தீர்ப்பு: கலிஃபோர்னியா. சந்தேக நபர்களைச் சக போலீஸார் துன்புறுத்துவதைப் பார்த்த துப்பறிவாளர் ஒருவர், வெளியே இருந்த இன்னொரு விசாரணை அமைப்பான ஷெரிஃப் துறையிடம் சொன்னார். சொன்ன 4 நாளில் கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். துறைக்கு வெளியே போய்ச் சொல்வதும், 'வாயை மூடு' என்ற மேலதிகாரியின் உத்தரவை மீறிச் சொல்வதும் பொதுவாக வேலையின் பகுதி ஆகாது என்று சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம், 'ரிப்போர்ட் செய்வது போலீஸ் வேலைதானே' என்று 2009-ல் தானே சொன்ன தீர்ப்பையும் ரத்து செய்தது.

பிராங்க்ஸ், 2015 தீர்ப்பு: நியூயார்க் காவலர் கிரெய்க் மேத்யூஸ், கைது எண்ணிக்கைக்குக் கோட்டா வைப்பதைத் தன் ஸ்டேஷன் தலைமை அதிகாரியிடமே நேரில் சொன்னார். துறைக்கு உள்ளேதான் சொன்னார். கீழ் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஆனால் மேல்முறையீட்டில் ஜெயித்தார். துறையின் கொள்கையை விமர்சிப்பது சாதாரணக் காவலரின் வேலைப் பட்டியலில் இல்லை. தவிர, ஏரியா மக்களும் இதே அதிகாரியிடம் போய் இதே புகாரைச் சொல்லலாம். எனவே இவர் பேசியது குடிமகனாகத்தான் என்றது கோர்ட். 2015 டிசம்பரில் 2 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குச் சமரசம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். புகாரின் உண்மையை விட, அது போன பாதையைத்தான் கோர்ட் முதலில் அளக்கிறது. அதுவும் அமெரிக்காவில் எந்தப் பகுதியில் வழக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறும்.

2014-ல் ஒரு சின்ன ஆறுதல் வந்தது. வழக்கமான வேலைக்கு வெளியே, கோர்ட்டில் சத்தியம் செய்து உண்மையாகச் சொல்லும் சாட்சியம் குடிமகனின் பேச்சுதான் என்று லேன் எதிர் ஃப்ராங்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

மாநிலச் சட்டம் கை கொடுக்குமா?

பல நேரங்களில் அதுதான் கை கொடுக்கிறது.

கலிஃபோர்னியா: தொழிலாளர் சட்டத்தின் 1102.5 பிரிவு, வேலையின் பகுதியாகச் சொன்ன புகாருக்கும் பாதுகாப்பு தருகிறது. 2006 தீர்ப்பின் பொறி இங்கே இல்லை. தண்டனைக்குப் புகாரும் ஒரு காரணம் என்று ஊழியர் காட்டினால் போதும். 'புகாரே இல்லாவிட்டாலும் இதைத்தான் செய்திருப்போம்' என்பதை வலுவான ஆதாரத்துடன் நிரூபிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. 2022-ல் மாநில உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

டெக்சாஸ்: சட்டமீறலை உரிய சட்ட அமலாக்க அமைப்பிடம் நல்லெண்ணத்துடன் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன 90 நாளுக்குள் நடவடிக்கை வந்தால், அது பழிவாங்கல் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது நிர்வாகத்தின் வேலை. ஆனால் காவலரும் 90 நாளுக்குள் அடுத்த கட்டத்துக்குப் போயாக வேண்டும்.

நியூஜெர்சி: 1986-ல் வந்த சட்டம். அரசு, தனியார் என்ற வித்தியாசம் இல்லாமல் ஊழியர்களுக்குப் பொருந்தும். ஒரு வருடத்துக்குள் வழக்கு போட வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸ் உதாரணம் இங்கே முக்கியம். கலிஃபோர்னியாவில் டிராஃபிக் சம்மனுக்குக் கோட்டா வைப்பது சட்டவிரோதம். கோட்டாவை எதிர்த்ததால் பழிவாங்கப்பட்டோம் என்று மோட்டார் சைக்கிள் போலீஸார் இருவர் வழக்கு போட்டார்கள். 2011-ல் ஜூரி அவர்களுக்கு 20 லட்சம் டாலர் தரச் சொன்னது. 

கோர்ட்டில் எதையெல்லாம் நிரூபிக்கணும்?

பிரிவு 1983 வழக்கு என்றால் சுருக்கமாக நான்கு படி.

1. பேசிய விஷயம் பொதுமக்கள் சம்பந்தப்பட்டதா? 'எனக்கு லீவு தரலை' என்பது சொந்தக் குறை. 'கைதிகளை அடிக்கிறாங்க' என்பது பொது விஷயம்.

2. குடிமகனாகப் பேசினாரா, ஊழியராகப் பேசினாரா? மேலே பார்த்த 2006 கேள்வி இதுதான்.

3. துறையின் ஒழுங்குக்கு ஏற்படும் பாதிப்பை விட அந்தப் பேச்சின் மதிப்பு அதிகமா? போலீஸ் கட்டுப்பாடான அமைப்பு என்பதால் கோர்ட்டுகள் இங்கே நிர்வாகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தருகின்றன.

4. அந்தப் பேச்சினால்தான் தண்டனையா? 'அவர் ஏற்கெனவே லேட்டா வருவார், அதனால்தான் நடவடிக்கை' என்று துறை சொல்லும். பேசாமல் இருந்திருந்தாலும் இதே நடவடிக்கை வந்திருக்கும் என்று துறை நிரூபித்தால் வழக்கு போச்சு. இது 1977 முதல் உள்ள விதி.

நான்காவது படியில்தான் பழைய மெமோக்கள் வெளியே வரும். எந்தக் காவலரின் ஃபைலைத் திறந்தாலும் ஏதாவது ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். புகாருக்கு முன்பு யாரும் கண்டுகொள்ளாத அந்தப் புள்ளி, புகாருக்குப் பின்பு எப்படிப் பெரிதானது என்று தேதி வாரியாகக் காட்டுவதுதான் வக்கீலின் வேலை.

வழக்கு யார் மீது? நகரம் மீதா, அதிகாரி மீதா?

இரண்டும் சாத்தியம்தான். ஆனால் இரண்டிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு.

தனிப்பட்ட அதிகாரி மீது போட்டால், 'இது சட்டவிரோதம் என்று அப்போது தெளிவான தீர்ப்பு இல்லை' என்று சொல்லி அவர் தப்பிக்கலாம். நகரம் மீது போட்டால், ஓர் அதிகாரி செய்த தப்பு என்று மட்டும் காட்டினால் போதாது. அது நகரத்தின் கொள்கை அல்லது வேரூன்றிய வழக்கம் என்று காட்ட வேண்டும். 1978-ல் உச்ச நீதிமன்றம் போட்ட விதி இது.

சிகாகோ வழக்கு இந்த இடத்தில்தான் பேசப்பட்டது. ஷானன் ஸ்பால்டிங், டேனி எச்சிவேரியா என்ற இரண்டு போலீஸார், ரொனால்ட் வாட்ஸ் என்ற சார்ஜென்ட்டின் ஊழலை அம்பலப்படுத்த எஃப்பிஐ-யுடன் சேர்ந்து ரகசியமாக வேலை பார்த்தார்கள். போதை வியாபாரிகளிடம் பணம் பறித்தவர் வாட்ஸ். பின்னாளில் 22 மாத சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் விஷயம் துறைக்குள் கசிந்ததும் தங்களை 'எலிகள்' என்று ஒதுக்கி, மோசமான பணிகளுக்குத் தள்ளினார்கள் என்று இருவரும் 2012-ல் வழக்கு போட்டார்கள்.

அவர்களின் வாதம், மௌனம் காப்பது சிகாகோ போலீஸில் வேரூன்றிய வழக்கம் என்பது. 2015 டிசம்பரில் மேயர் ராம் இமானுவேலே நகரசபையில் அப்படி ஒரு மௌன விதி இருப்பதை ஒப்புக்கொண்டு பேசினார். அவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றும் நிலைமை வந்தது. 2016 மே 31, விசாரணை தொடங்க வேண்டிய நேரத்தில் நகரம் 20 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மேயர் கூண்டில் ஏறவில்லை.

அந்த இரண்டு பேர் வாயைத் திறந்ததன் பலன் பணத்தோடு நிற்கவில்லை. வாட்ஸும் அவரது குழுவும் போட்ட பொய் வழக்குகள் 2016 முதல் வரிசையாக ரத்தாகத் தொடங்கின. ரத்தான தண்டனைகளின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது.

பணம் யார் பாக்கெட்டில் இருந்து போகிறது?

பெரும்பாலும் நகரத்தின் கஜானாவில் இருந்து. அதாவது வரி கட்டும் மக்களின் பணம். பழிவாங்கிய அதிகாரி சொந்தமாகப் பணம் கட்டுவது அபூர்வம். தொகை பெரிதாகத் தெரிந்தாலும், அது பல வருடச் சம்பளம், ஓய்வூதியம், வக்கீல் செலவு எல்லாவற்றுக்கும் ஈடாக வரும் தொகை. சமரசத்தில் முடிந்தால் தப்பு யார் மேல் என்று தீர்ப்பும் வராது.

2020-க்குப் பிறகு என்ன மாறியது?

ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு, 'பக்கத்தில் நின்ற மற்ற போலீஸார் ஏன் தடுக்கவில்லை?' என்ற கேள்வி அமெரிக்கா முழுக்க எழுந்தது. கொலராடோ 2020-லும், கலிஃபோர்னியா 2021-லும் சட்டம் கொண்டுவந்தன. சக காவலர் அத்துமீறினால் தடுக்க வேண்டும், ரிப்போர்ட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது.

பஃபலோ நகரில் இதற்கு ஒரு பெண் காவலரின் பெயரே வந்தது. கேரியல் ஹார்ன், 2006-ல் விலங்கு மாட்டிய ஒருவரின் கழுத்தை சக காவலர் நெரித்ததாகச் சொல்லித் தடுத்தார். 2008-ல் அவரைத்தான் வேலையை விட்டு நீக்கினார்கள். 20 வருடம் முடித்தால் ஓய்வூதியம், அவர் முடித்தது 19. 2020-ல் பஃபலோ நகரசபை 'கேரியல் சட்டம்' கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அவரது பணி நீக்கத்தை ரத்து செய்து, ஓய்வூதியம் கிடைக்க வழி செய்தது.

ஆனால் இதிலும் ஒரு முடிச்சு இருக்கு. ரிப்போர்ட் செய்வதைச் சட்டமே கடமை ஆக்கிவிட்டால், 2006 தீர்ப்பின்படி அது இன்னும் தெளிவாக 'வேலையின் பகுதி' ஆகிவிடும் இல்லையா? பேச்சுரிமை வழக்கு பலவீனமாகலாம். அதனால்தான் 'ரிப்போர்ட் செய்யுங்கள்' என்று மட்டும் எழுதாமல், 'பழிவாங்கக் கூடாது' என்ற வரியையும் சேர்த்து எழுதுவது முக்கியமாகிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரகசியமாக ரெக்கார்ட் செய்யலாமா?
மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும். ரெக்கார்ட் செய்பவரே அந்த ஒருவராக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் அந்தரங்க உரையாடல் என்றால் பொதுவாக எல்லோர் சம்மதமும் வேண்டும்.

எவ்வளவு நாளுக்குள் வழக்கு போடணும்?
பிரிவு 1983-க்கு நியூயார்க்கில் 3 வருடம், இல்லினாய், கலிஃபோர்னியாவில் 2 வருடம். மாநிலச் சட்டங்களில் இன்னும் குறைவாக இருக்கலாம். பொறுமையாக இருந்தே உரிமையை இழந்தவர்கள் உண்டு.

புகார் பொய்யாகிப் போனால்?
உண்மை என்று நியாயமாக நம்பிச் சொன்னாரா என்பதைத்தான் பல மாநிலச் சட்டங்கள் பார்க்கின்றன. தெரிந்தே பொய் சொன்னவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைக்குமா?
சட்டப்படி முடியும். நடைமுறையில், இங்கே பார்த்த வழக்குகளில் பெரும்பாலானவை பணத்தில்தான் முடிந்தன. சக காவலர்கள் முகம் கொடுக்காத ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போவது லேசான காரியம் இல்லை.

நமக்கு என்ன?

ஒரு காவலர் தன் துறை மீது வழக்கு போடுவதை 'அவங்களுக்குள்ள சண்டை' என்று கடந்துபோக முடியாது. 81-வது ஸ்டேஷனில் எழுதப்படாமல் போனது பொதுமக்கள் கொடுத்த புகார். சிகாகோவில் பொய் வழக்கில் உள்ளே போனது சாதாரண மனிதர்கள். ஸ்டேஷனுக்குள் நடப்பதை உள்ளே இருப்பவர் சொன்னால்தான் வெளியே தெரியும். சொன்ன முதல் ஆளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான், பேசுவதா வேண்டாமா என்று இரண்டாவது ஆள் முடிவு செய்வார்.